எனக்காக உப்பை விட்ட அக்கா

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் வணக்கம்.

அக்கா இருந்திருந்தால் இப்படி ஒரு நினைவு மலரை அச்சடிக்கவே விட்டிருக்க மாட்டார். "ஒரு தடவை புரட்டிப் பாத்துட்டு அலமாரிக்கு மேல போடுவாங்க. அதுக்கு எதுக்கு இத்தன பேப்பர்?" என்றுதான் கேட்டிருப்பார். ஆனால் அக்காவின் மகனும் மருமகளும் வருஷாந்திரத்துக்கு மலர் போட்டே ஆகவேண்டும் என்று நின்றார்கள். அத்தான் வெகுநேரம் யோசித்துவிட்டு, பக்கங்கள் குறைவாக இருந்தால் போடலாம் என்று சம்மதித்தார். மலர் இவ்வளவு மெலிந்திருப்பதற்கு அதுதான் காரணம். கையில் பணமில்லை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீட்டு இளையவர்களுக்குத் தமிழைவிட மலையாளமே சரளமாக வரும். அதனால் கடைசிப் பக்கத்தில் அக்காவின் மகன் மலையாளத்தில் எழுதியிருக்கிறான். தமிழில் எழுதும் பொறுப்பு தங்கையான என் தலையில் விழுந்தது. நான் தையல்காரி. துணியை அளவாக வெட்டத் தெரியும், பேச்சை அளவாக வெட்டத் தெரியாது. கொஞ்சம் நீண்டு போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது இங்கே கொச்சி மட்டாஞ்சேரியில்தான். எங்கள் தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்க வந்தவர். அப்பா நகரசபையில் துப்புரவு வேலையில் சேர்ந்தார். கொச்சங்காடியில் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில் அக்கா முதலிலும், பல வருடங்கள் கழித்து நானும் பிறந்தோம். நடுவில் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. அம்மாவுக்கு இழுப்பு நோய். சுக்கும் மிளகாயும் புடைக்கிற தூசி காற்றில் வந்தாலே மூச்சுத் திணறும். ஆகவே அடுக்களை மிகச் சிறிய வயதிலேயே அக்காவின் கைக்கு வந்துவிட்டது. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே சோறு வடிப்பாராம். வடிக்கும்போது கஞ்சி பட்ட தழும்பு ஒன்று என் காலில் இன்னும் இருக்கிறது. சின்ன வயதில் நான் பிடிவாதம் பிடிக்கும்போதெல்லாம் அந்தத் தழும்பைக் காட்டித்தான் அக்காவிடம் காரியம் சாதிப்பேன்.

பத்தாம் வகுப்பு முடித்ததும் அக்காவுக்குக் கல்யாணம் பேசினார்கள். அத்தான் நகரசபையில் குப்பை லாரி ஓட்டியவர். மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை என்று சொன்னார்களே தவிர, லாரியில் என்ன ஏற்றுவார் என்று யாரும் அக்காவிடம் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் அத்தான் வேலை முடிந்து வந்தால் நேராகக் குளியலறைக்குத்தான் போவார். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நாற்றம் போகாது என்று வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளியே உட்காருவாராம். ஒரு நாள் அக்கா கேட்டிருக்கிறார்.

"அப்படி என்னதான் இருக்கும் அந்த வண்டியில?"

"சோறுதான். பாதிக்கு மேல சோறும் கறியும் மீன் தலையும். எல்லாத்தையும் ஒரே கவர்ல கட்டி எறிவாங்க. நாலு நாள் கழிச்சு நான் போறப்ப அது வெடிக்கும்."

"நம்ம வீட்டு கவரும் அதுல இருக்குமா?"

"நம்ம தெரு என் வண்டியிலதான் வருது."

அன்றைக்கு அக்கா எடுத்த முடிவைப் பற்றி அத்தான் இப்போதும் சொல்வார். "என் வீட்டு அழுகலை என் வீட்டுக்காரர் தூக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு இறுதிவரை எங்கள் வீட்டிலிருந்து உணவுக் கழிவு வெளியே போனதில்லை. பசுமை, சுற்றுச்சூழல் என்றெல்லாம் இன்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அக்காவுக்கு அந்த வார்த்தைகள் தெரியாது. புருஷன் நாறக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் கழிவைப் புதைக்க எங்கள் வீட்டில் மண் ஏது? வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஆள் பக்கவாட்டாக நடக்கிற அளவுக்குத்தான் இடம். தோண்டினால் உப்புத் தண்ணீர் ஊறும். காயல் ஏறுகிற மாதங்களில் தெருவுக்கே உப்பு வெள்ளம் வரும். எந்தச் செடியும் தரையில் பிழைக்காது. பிற்பாடு ஓட்டைப் பிரித்துவிட்டு மேலே தளம் போட்டபோது அக்காவுக்கு வழி கிடைத்தது. சுக்குக் கிடங்கிலிருந்து கிழிந்த சாக்குகளைக் கேட்டு வாங்கி, அடியில் தேங்காய் நாரும் நடுவில் அடுக்களைக் கழிவும் மேலே காய்ந்த இலையுமாக நிரப்பி, மொட்டைமாடியில் வரிசையாக வைத்தார். முதலில் புழு வந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினேன். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு உன் தோட்டம்" என்று கேலி செய்தேன். அக்கா சாம்பலும் இலையும் சேர்த்துப் போட்டுக் கிளறிக் கிளறி ஒரு வழியாகப் பக்குவம் கண்டுபிடித்தார். அந்த மழைக்காலம் முடிந்ததும் செங்கீரை இரத்தச் சிவப்பில் வந்து நின்றது. அதன் பிறகு என் வாய் அடங்கிவிட்டது. அதாவது அந்த விஷயத்தில்.

அக்கா பக்கத்துத் தெரு அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சமைக்கும் வேலை பார்த்தார். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அதைப் பற்றி இந்த மலரில் எழுத எதுவும் இல்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு நான் அக்கா, அத்தான் வீட்டிலேயே ஒருத்தியாக இருந்தேன். ஒரு நாள்கூட நான் வேறு வீட்டில் இருக்கிறேன் என்று அவர்கள் இருவரும் என்னை நினைக்க விட்டதில்லை.

அக்காவின் சிக்கனத்தை உறவினர்கள் எல்லோரும் கேலி செய்திருக்கிறோம். இந்த மலரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது செய்திருப்பீர்கள். குழாயில் தண்ணீர் வருவது எங்கள் பகுதியில் எப்படி என்று தெரியுமே. அரிசி களைந்த தண்ணீர் மீன் கழுவப் போகும், மீன் கழுவிய தண்ணீர் மாடிக்குப் போகும். மழை பெய்தால் அக்கா குடை பிடிப்பதற்கு முன்னால் மழைத்தண்ணீரை வடிகட்டிப் பிடிக்கத் தளத்துக் குழாயில் துணி கட்ட ஓடுவார். பழைய சேலை முதலில் தலையணை உறையாகும், பிறகு கடைக்குப் போகிற பையாகும், பிறகு கரித்துணியாகும், கடைசியில் சாக்குச் செடியைக் கம்பில் கட்டுகிற நாடாவாகும். அந்தப் பைகளைத் தைத்ததெல்லாம் நான்தான். கடையில் வாங்குகிற பையைவிட என் பை நீடித்து உழைக்கும் என்று அக்கா எல்லோரிடமும் பெருமை பேசுவார். கூலி மட்டும் ஒரு முறைகூடக் கொடுத்ததில்லை.

சோறு வைக்கும் பெட்டி ஒன்று உண்டு. இந்த ஊரில் சூடாறாப்பெட்டி என்பார்கள். கொதித்த பானையை உள்ளே வைத்து மூடிவிட்டால் அடுப்பில்லாமல் அந்தச் சூட்டிலேயே சோறு வெந்துவிடும். பழைய தேயிலைப் பெட்டியில் வைக்கோலும் கிழிந்த தலையணையும் திணித்து அக்காவே செய்தது. இங்கத்துத் தடித்த மட்டை அரிசி அடுப்பிலேயே வேகவேண்டுமென்றால் கேஸ் தீர்ந்துவிடும். பெட்டியில் வைத்தால் நாம் குளித்துத் துவைத்து வருவதற்குள் சோறு பதமாக இருக்கும். மருமகள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். வந்த புதிதில் மாமியாரை அசத்த வேண்டும் என்று ஊரிலிருந்து கொண்டுவந்த பச்சரிசியை அதே மாதிரி பெட்டிக்குள் வைத்துவிட்டாள். மத்தியானம் திறந்தால் பானை நிறையக் களி. அவள் அழுதே விட்டாள். அக்கா அதில் வெல்லத்தைப் போட்டுக் கிளறி, "இன்னிக்குப் பொங்கல்" என்று எல்லோருக்கும் போட்டார்.

அந்த மருமகள் வீட்டார் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்ததையும் சொல்லிவிடுகிறேன். இங்கே வீடு வீடாக வந்து பிளாஸ்டிக்கைச் சேகரிக்கிற பெண்களுக்குக் கவர்களைக் கழுவிக் காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும். அன்றைக்கும் வழக்கம்போலக் கொடியில் பால் கவர்கள் வரிசையாகக் கிளிப் மாட்டித் தொங்கின. சம்பந்தியம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பழைய சாமான் வியாபாரம் எதுவும் உண்டா?" என்று மெதுவாகக் கேட்டார். "இல்ல, பால் குடிப்போம்" என்றார் அக்கா. உள்ளூர அக்காவுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். இன்று சம்பந்தியம்மாள் சங்கரன்கோவிலில் பால் கவரைக் கழுவிக் காயப்போடுகிறார். அங்கே அதை வாங்க யாரும் வருவதில்லை. இங்கே வரும்போது ஒரு மூட்டையாகக் கட்டி எடுத்து வந்துவிடுகிறார்.

இப்படியே போயிருந்தால் அக்காவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே எழுதி முடித்திருப்பேன். என் உடம்பு அதற்கு விடவில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் எனக்குக் கால் வீங்கியது. மெஷின் மிதித்து மிதித்து வந்த வீக்கம் என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். எறணாகுளத்தில் காட்டியபோது இரண்டு சிறுநீரகமும் பழுதடையத் தொடங்கிவிட்டன என்றார் டாக்டர். மருந்தாலும் உப்பில்லாத சாப்பாட்டாலும் கட்டுக்குள் வைக்கலாம், கைமீறிப் போனால் டயாலிசிஸ்தான் என்றார். அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. பக்கத்து வீட்டு ஐஷா இத்தாவின் கணவர் டயாலிசிஸ் செய்துசெய்தே உருக்குலைந்து போனவர். அவர் ஆட்டோவிலிருந்து இறங்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அக்கா எங்கள் ஜன்னலிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். என்னை அந்த ஆட்டோவில் ஏற விடக் கூடாது என்பதுதான் அன்றிலிருந்து அக்காவின் ஒரே குறி.

முதல் யோசனை இத்தாவிடமிருந்து வந்தது. இங்கே முஸ்லிம் வீட்டு அக்காவை இத்தா என்போம். நடுச்சுவருக்கு மேலாகத்தான் அவர்கள் இருவரும் பேசுவது.

"நீ அவளுக்கு மாத்ரம் உப்பில்லாம தனியா வைக்காதே, கேட்டியா?" என்றார் இத்தா. "ஒரு வாரம் திங்கும். அப்புறம் நம்ம சட்டியில கை போடும். எங்க வீட்டில அதுதான் நடந்தது. நிறுத்தினா எல்லாரும் ஒண்ணிச்சு நிறுத்தணும்."

அக்கா அப்போதே உள்ளே வந்து, உப்புமாங்காய் ஊறுகிற பரணி ஜாடியைத் தூக்கிப் போய் அதே சுவருக்கு மேலாக இத்தாவிடம் கொடுத்துவிட்டார். இதைப் படிக்கிறவர்களுக்கு அது என்ன பெரிய தியாகம் என்று தோன்றலாம். அக்காவின் நாக்கு தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். உப்புமாங்காயும், உணக்கமீன் சம்மந்தி என்கிற கருவாட்டுத் துவையலும் இல்லாமல் அக்காவுக்குக் கஞ்சி இறங்காது. சிறு வயதில் கல்லுப்பை வாயில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர். அத்தனையையும் ஒரே நாளில் விட்டார். அப்பளம் போயிற்று, கருவாடு போயிற்று, மோரில் போடுகிற சிட்டிகைகூடப் போயிற்று. அதற்குப் பதிலாக மிளகு, பூண்டு, வறுத்த தேங்காய், குடம்புளி, எலுமிச்சை என்று எதையாவது கூட்டிக் குறைத்து நாக்கை ஏமாற்றப் பார்ப்பார். சில நாட்கள் பிரமாதமாக இருக்கும். சில நாட்கள் சோறு தொண்டைக்குள் போகவே யோசிக்கும். அப்போதும் அக்கா என் எதிரில் உட்கார்ந்து, "ஆஹா" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்.

அத்தான்தான் பாவம். ஓய்வுபெற்ற மனிதர், வாய்க்கு ருசி வேண்டாமா? சாயங்காலம் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாயாக் கடையில் பரிப்பு வடை தின்றுவிட்டு வருவார். அக்கா ஏறிட்டுப் பார்த்து, "மீசையைத் தொடச்சிட்டு வாங்க" என்று மட்டும் சொல்வார். அதற்கு மேல் கேட்கமாட்டார்.

இவ்வளவு செய்தும் என் இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கவில்லை. கீரை, கிழங்கு, காய் எதுவானாலும் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்த பிறகுதான் எனக்குச் சமைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா தவறாமல் அப்படித்தான் செய்தார். ஆனாலும் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் கூடியே இருந்தது. டாக்டர் முகம் சுளித்தார். எனக்குத் தெரியாமல் நான் எதையாவது தின்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் சாப்பாட்டு முறை சொல்லித் தருகிற பெண்ணிடம் எங்களை அனுப்பினார்கள். பாலக்காட்டுப் பெண், எங்களோடு தமிழில்தான் பேசுவாள். காலையிலிருந்து இரவு வரை என்னென்ன சாப்பிடுகிறேன் என்று அக்காவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"காயை வேக வெச்சு வடிக்கிறீங்கல்ல?"

"பின்னே! வடிச்சுத்தான் இவளுக்கு."

"வடிச்ச தண்ணியை என்ன செய்வீங்க சேச்சி?"

"ரசம் வெப்பேன்."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "யாருக்கு ரசம்?"

"எல்லாருக்கும்தான். காயோட சத்தெல்லாம் அதுலல்லே இருக்கு? வெறுதே களைய மனசு வருமா? இவளுக்கு ரசம்னா உசிரு. ரெண்டு டம்ளர் குடிப்பா."

"ஐயோ சேச்சி," என்றாள் அவள். "அந்தச் சத்துதான் இவங்களுக்கு ஆகாது. அதை வெளியே எடுக்கத்தான் வேக வைக்கச் சொன்னது. நீங்க எடுத்து எடுத்துத் திரும்ப இவங்களுக்கே கொடுத்திருக்கீங்க."

நாங்கள் படகு ஜெட்டிக்கு நடந்தோம், டிக்கெட் வாங்கினோம், படகில் உட்கார்ந்தோம். படகு பாதித் தூரம் வந்த பிறகு அக்கா, "நானேல்ல உனக்கு விஷம் வெச்சிருக்கேன்" என்றார். "போக்கா, ரசம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று நான் சிரித்தேன். அக்கா சத்தமாக அழுதுவிட்டார். படகில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா செத்தபோதுகூட அக்கா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயுள் முழுக்க எதையும் கொட்டாமல் பழகிய கை அது. மறுநாள் கீரை வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டுப் பாத்திரத்தோடு தொட்டியருகே வெகுநேரம் நின்றார். கொட்ட முடியவில்லை. பிறகு ஆறவைத்து மாடிக்குத் தூக்கிப் போய்ச் செடிகளுக்கு ஊற்றினார். அன்றிலிருந்து அது தினசரி வேலையாகிவிட்டது. "உனக்கு ஆகாதது இதுகளுக்கு ஆகுது பாரு" என்று எனக்குக் காட்டுவார். சாக்குகளில் முருங்கையையும் கீரையையும் குறைத்துக்கொண்டு, எனக்கு ஆகும் என்று அந்தப் பாலக்காட்டுப் பெண் சொன்ன சுரை, பீர்க்கு, புடல் மூன்றையும் பந்தலில் ஏற்றினார். அக்காவுக்குக் கீரை என்றால் அத்தனை பிரியம். அதைப் பறித்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு எங்களோடு சுரைக்காயே சாப்பிட்டார். அடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் இறங்கியிருந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியாட்டினினும் கூடாமல் நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பும்போதும் அக்கா வாசலில் நின்று ஒரே கேள்விதான் கேட்பார்: "கூடிச்சா?" கூடவில்லை என்று நான் சொன்னதும் ஒன்றும் நடக்காதது போல உள்ளே போய்விடுவார். அன்றைய சாப்பாட்டில் மட்டும் எப்படியாவது ஒரு பாயசம் இருக்கும்.

என்னைப் பார்த்துப் பார்த்து இருந்தவர் தன் நெஞ்சைப் பார்த்துக்கொள்ளவில்லை. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று எங்களிடம் சொல்லவே இல்லை. போன வருடம் மழை தொடங்கிய நேரத்தில் ஒரு மதியம் மாடியிலிருந்து பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இதயம் மிகவும் தளர்ந்துவிட்டது என்றார்கள். படுக்கையில் இருந்த நாட்களிலும் என் கவலைதான். நான் கான்டீனில் சாப்பிட்டுவிட்டு வந்தால் போதும். "வாயை ஊது. சாம்பார் குடிச்சிருக்கியா?" என்று குழந்தையை விசாரிப்பது போல விசாரிப்பார். "நான் வீட்டுக்கு வர்ற வரைக்கும் கஞ்சி வெச்சுக் குடி. வெளியில திங்காத" என்று என்னிடம் சொல்லி, என்னைக் கவனிக்கச் சொல்லி மருமகளிடமும் சொல்லி, நர்ஸிடமும் சொன்னார்.

ஒரு நாள் டாக்டர் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டு, இனி அவருக்கு எது ஆசையோ அதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். அத்தான் என்னிடம்கூடச் சொல்லாமல் வீட்டுக்குப் போனார். இத்தாவிடம் கேட்டு வாங்கிய உப்புமாங்காயும் கஞ்சியுமாகத் திரும்பி வந்தார். அக்கா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு மூடினார்.

"இவ முன்னால வெச்சு நான் எப்படித் திங்கிறது?"

"நான் மருந்து வாங்கப் போறேன்க்கா. நீ சாப்பிடு" என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். மருந்து எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. வராந்தாவின் கோடிவரை போய், அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு திரும்பினேன். கஞ்சி தீர்ந்திருந்தது. மாங்காய்க் கொட்டையைச் சப்பிச் சப்பி வெள்ளையாக்கித் தட்டின் ஓரத்தில் வைத்திருந்தார். முகத்தில் ஒரு களவாணிச் சிரிப்பு. "மதியாச்சு, போதும். நல்லா இருந்துச்சு" என்றார். அக்கா வயிறாரச் சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் கடைசி. அடுத்த இரண்டொரு நாட்களில் அக்கா எங்களை விட்டுப் போய்விட்டார்.

இப்போது நன்றி சொல்ல வேண்டும். அந்த உப்புமாங்காய்க்காக முதல் நன்றி அத்தானுக்கு. வருடக்கணக்கில் ருசி மறந்திருந்த நாக்குக்கு அவர்தான் விடை கொடுத்து அனுப்பினார்.

ஐஷா இத்தாவுக்கு என்ன சொல்வது? துக்க நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. தெருவே சோறு கொண்டுவந்தது. வீடு நிறைய ஆட்கள், அழுகை, பந்தல், வாடகை நாற்காலி. அந்தக் கூட்டத்தில் யாருக்கு எது ஆகும் என்று யார் நினைத்துப் பார்ப்பார்கள்? நானே நினைக்கவில்லை. இத்தா வீட்டிலிருந்து மட்டும் தினமும் இரண்டு பாத்திரம் வந்தது. பெரியது எல்லோருக்கும். துணி கட்டிய சின்னது எனக்கு. "இதில உப்பில்லை. காயும் வேவிச்சு ஊற்றிக் களைஞ்சதுதான். உன் அக்கா என்னைச் சொல்லிப் படிப்பிச்சிருக்கு" என்றார். இத்தா, உங்கள் கடனை எங்கள் வீட்டில் யாராலும் தீர்க்க முடியாது.

கடல்காற்றும் மழையும் பாராமல் இறுதிப் பயணத்தில் வந்த தெருக்காரர்களுக்கும், அங்கன்வாடியில் அக்கா கையால் கஞ்சி குடித்து வளர்ந்து இன்று பெரியவர்களாகி வந்து நின்ற பிள்ளைகளுக்கும், தென்காசியிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் பஸ் மாறி மாறி வந்த சொந்தங்களுக்கும், களமசேரிக்குக் குடிபோன பிறகும் வாரம் தவறாமல் வந்து மாடிப் பந்தலைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் போகிற மகனுக்கும் மருமகளுக்கும் எங்கள் நன்றி. பிளாஸ்டிக் வாங்க வருகிற பெண்கள் அக்கா போன பிறகு முதல்முறை வந்தபோது வாசலில் பையைக் கீழே வைத்துவிட்டு அழுதார்கள். அவர்களுக்கும் நன்றி.

பல பேர் என்னிடம் கேட்கிறீர்கள், இந்த ஒரு வருடம் எப்படி இருக்கிறாய் என்று. நன்றாக இல்லை. அதை மறைத்து எழுதத் தெரியவில்லை. தினமும் காயை வேகவைத்து வடிக்கிறேன். எதிரில் உட்கார்ந்து "ஆஹா" சொல்ல ஆளில்லை. அக்காவின் சமையல் நன்றாக இல்லாத நாட்களுக்காகக்கூட ஏங்குகிறேன். அக்கா போன புதிதில் அத்தானிடம், "இனிமே உங்களுக்கு உப்புப் போட்டுத் தனியா வைக்கட்டுமா?" என்று கேட்டேன். "அவ வெச்ச மாதிரியே வை" என்றார். சாயாக் கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். அங்கே போய் வந்தால் இப்போது மீசையைத் துடைக்கச் சொல்ல ஆளில்லை, அதனால் ருசிக்கவில்லை என்கிறார்.

போன வாரம் வருடாந்திர முழுப் பரிசோதனைக்குப் போனேன். இந்த ஒரு வருடமும் என் கையால் சமைத்துச் சாப்பிட்டது. அதனால் படகில் போகும்போதே பயமாக இருந்தது. கூடியிருந்தால் அக்கா அத்தனை வருடம் காத்ததை நான் ஒரே வருடத்தில் கெடுத்தவள் ஆவேனே. டாக்டர் பார்த்துவிட்டு, எதுவும் கூடவில்லை, இப்படியே இருங்கள் என்றார். அவரிடம் என்ன சொன்னேன், எப்படி ஜெட்டிக்கு வந்தேன் என்று தெரியவில்லை. படகு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா, கூடலக்கா!" என்று உரக்கச் சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அடுக்களையிலிருந்து அத்தான் வந்து நிலைப்படியில் நின்றார். என்னைத் தேற்றுவார் என்று நினைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு" என்றார். "அவளுக்குக் கேக்கட்டும்."

நான் மறுபடியும் சொன்னேன்.